நண்டுக்கு வீடு பார்த்த கதை

தொண்ணூற்றெட்டாம் வருடம், கல்யாணமாகி ஒரு மாதம் கழித்து நானும் என் கணவரும் ராமேஸ்வரம் போய் வந்தோம். தனுஷ்கோடி மணலில் நான் பொறுக்கிய சங்குகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கொல்லிமலைக்குத் திரும்பினேன். செம்மேட்டில் எங்கள் வீட்டு முன்னறையில் நான் நடத்திவந்த எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடி மேஜை மேல் அவற்றை அழகாக வரிசையாக வைத்தேன்.

மறுநாள் காலை வரிசையில் மூன்று குறைந்திருந்தன. யாரோ எடுத்துவிட்டார்கள் என்று நினைத்து நான் முகம் வாடி உட்கார்ந்திருந்தபோது, போன் பேசிக்கொண்டிருந்த ஒரு பெண் ரிசீவரைப் போட்டுவிட்டு நாற்காலி மேல் ஏறிவிட்டாள்.

"அக்கா, உங்க சங்கு நடக்குதுங்க!"

டெலிபோன் டைரக்டரிக்குப் பின்னாலிருந்து ஒரு சங்கு நிஜமாகவே நடந்து வந்தது. அடியில் செம்பழுப்புக் கால்கள், முன்னால் இரண்டு மீசை. காலிச் சங்கைத் தேடி அதற்குள் குடியிருக்கும் நண்டு அது. வெறும் சங்கு என்று நினைத்து, மூன்று உயிர்களை மலையேற்றிக் கொண்டுவந்திருந்தேன்.

திருப்பிக் கொண்டுபோய் விட நினைத்தாலும் கடல் எங்கே, நாங்கள் எங்கே? தச்சு வேலை பார்த்த என் கணவர் அன்று சாயங்காலமே ஒரு பழைய ஜன்னல் கண்ணாடியை முன்பக்கம் வைத்துப் பலாப்பலகையில் பெட்டி செய்தார். ஓடை மணலைக் கழுவிக் கொட்டினோம். ஒரு கிண்ணத்தில் கல்லுப்பு கரைத்த தண்ணீர், இன்னொன்றில் நல்ல தண்ணீர். மலைக்குளிர் தாங்காதே என்று சமையலறை அடுப்புக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்தேன். வாழைப்பழம், தேங்காய்த் துண்டு, எது போட்டாலும் தின்றன.

அடுத்த வருடம் பெரிய நண்டுக்கு இருந்த சங்கு போதவில்லை. பயந்து உள்ளே போனால் இடது கொடுக்கு பாதி வெளியிலேயே நிற்கும். முன்னெல்லாம் அந்தக் கொடுக்கையே கதவாக வைத்துச் சங்கின் வாயை அடைத்துக்கொள்ளும்.

என்னிடம் மிச்சமிருந்த சங்குகளைப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தேன். சோழியின் வாய் வெறும் கீறல், கால் வைக்கவே இடமில்லை. நீளமாகக் கூர்ந்திருந்ததன் வாசல் குறுகல். ராமேஸ்வரத்துக் கடையில் வாங்கியிருந்த பச்சைச் சாயச் சங்கை அது மீசையால் தொட்டதோடு சரி, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நம்ம மிளகுத் தோட்டத்துல நத்தை ஓடு கிடக்குதே, போதாதா கண்ணு?" என்றார் கணவர். நாலைந்து பொறுக்கி வந்து கழுவி வைத்தார். நண்டும் அன்று மதியமே ஒன்றில் குடியேறிவிட்டது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அந்த ஓடு அப்பளம் மாதிரி மெல்லியது. இரண்டாம் நாள் பெட்டிக்குள் போட்டிருந்த குச்சியில் ஏறிய நண்டு தவறி விழுந்ததும் நொறுங்கிப் போயிற்று. அப்போதுதான் அதன் பின்னுடம்பைப் பார்த்தேன். சுருண்டு, வெளிறி, தோல் உரித்த திராட்சை போல அவ்வளவு மென்மை. குளியலறைக் கதவைத் தெரியாமல் திறந்துவிட்டதுபோல் எனக்கு வெட்கமாகிவிட்டது. அது ஓடிப்போய்ப் பழைய சங்குக்குள்ளேயே தன்னைத் திணித்துக்கொண்டது.

சனிக்கிழமைதோறும் அடிவாரத்திலிருந்து மிளகு வாங்க வரும் பாய் ஒருவர் என் பூத்தில்தான் போன் பேசுவார். அவரிடம் புலம்பினேன்.

"அட, எங்க அக்காவத் தொண்டியில கட்டிக் குடுத்திருக்குது அம்மணி. அங்க இதுங்க வாசல்லயே மேயும். கேட்டுப் பாருங்க" என்று நம்பர் போட்டுக் கொடுத்தார்.

கடற்கரை ஊருக்குப் போய் எத்தனை வருடமானாலும் அந்த அக்காவின் பேச்சு மாறவில்லை. லைனில் ஒரே இரைச்சல். இருவரும் கத்தினோம்.

"வாய் எப்படி இருக்கணுமுங்க?"

"உருண்டையா இருக்கணும் அம்மணி! விளிம்பு உடஞ்சிருக்கக் கூடாது. இப்ப இருக்கறது எவ்ளோ அகலம்?"

"சட்டைப் பொத்தான் அளவு இருக்குமுங்க!"

"அதவிட ஒரு நெல்லு பெருசாப் பாக்கலாம். ரொம்பக் கனமும் ஆகாது, தூக்கிட்டு நடக்கோணுமில்ல?"

போனை வைத்துத் திரும்பினால், இதே மலையின் அரியூர் நாட்டிலிருந்து வந்து வரிசையில் நின்ற விவசாயி ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க அம்மணி, உங்க ஊட்டுல யாருக்கு மாப்பிள்ளை பாக்கறீங்க?"

"மாப்பிள்ளை இல்லீங்க, நண்டுக்கு ஊடு பாக்கறமுங்க!"

அவர் சிரித்த சிரிப்பில் பேச வந்த விஷயத்தையே மறந்துவிட்டார்.

மூன்றாம் சனிக்கிழமை பாய் வந்தார். மலைப்பாதையின் எழுபது வளைவிலும் மடியிலேயே வைத்திருந்தாராம், தொண்டி அக்கா அனுப்பிய பொட்டலத்தை. பதினைந்து சங்குகள், ஒவ்வொன்றும் செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றியிருந்தது. வெந்நீரில் கொதிக்கவிட்டு, ஆற்றி, உள்ளே மணல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக உதறினேன். ஒன்றுக்குள் கல் சிக்கியிருந்தது. என் தலையிலிருந்த கொண்டை ஊசியை உருவி அதை நெம்பி எடுத்தார் கணவர். சரியான வாயுள்ள மூன்றைப் பெட்டிக்குள் வைத்தோம்.

பெரிய நண்டு முதல் சங்கைச் சுற்றி வந்தது. கொடுக்கை உள்ளே விட்டு ஆழம் பார்த்தது. உருட்டியது, விட்டுவிட்டது. இரண்டாவதிடம் போய் மறுபடியும் அதே சோதனை. சமையலறையில் நாங்கள் மூவரும் மூச்சுவிடாமல் குனிந்திருந்தோம். பூத்தில் போன் அடித்தது, நான் எழுந்திருக்கவில்லை. திடீரென்று, கண் சிமிட்டும் நேரம்தான், பழையதிலிருந்து உருவிக்கொண்டு புதியதில் போய் உட்கார்ந்துவிட்டது. கொடுக்கு வாசலில் கச்சிதமாகப் பொருந்தியது.

"சுபஹானல்லாஹ்!" என்று வியந்தார் பாய்.

அதோடு நிற்கவில்லை. அது விட்டுப்போன சங்கை நடு நண்டு வந்து முகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் அது உள்ளே. நடு நண்டு காலி செய்த சங்குக்குள் சின்னது புகுந்தது. நாங்கள் வைத்த மற்ற இரண்டையும் யாரும் சீண்டவில்லை.

"ஒரே நாள்ல மூணு புதுமனை புகுவிழா!" என்று கணவர் கைதட்டினார்.

உடனே தொண்டிக்குப் போன் போட்டேன். அந்த அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாஞ் சரி, பால் காய்ச்சுனீங்களா?" என்றார்.

காய்ச்சினோம். மிளகு வாங்க வந்தவருக்கும், போன் பேசக் காத்திருந்தவர்களுக்கும் டீ. குடியேறிய மூவருக்கும் ஆளுக்கொரு பலாச்சுளை.