அத்தையின் பாட்டும் அரசாங்கத் துக்கமும்

ஒரு கேள்விக்குச் சரியான பதில் சொல்லிவிட்டு அதற்காக இன்றுவரை வெட்கப்படுகிற ஆள் நானாகத்தான் இருப்பேன். அப்போது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். யார் எதைக் கேட்டாலும் முந்திக்கொண்டு பதில் சொல்கிற பிள்ளை என்று பள்ளிக்கூடத்தில் எனக்கு நல்ல பெயர். வீட்டில் அதையே வாயாடி என்றார்கள்.

எங்கள் ஊர், நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. ஊருக்கு மேற்கே கரடு என்கிற சின்னக் கல்மலை ஒன்று இருந்தது. கிரஷர் முதலாளி ஒருவர் ஜல்லிக்காக அதைத் தோண்டித் தோண்டி, இருந்த கரடு போய்க் குழி மட்டும் மிஞ்சியது. கல்லுக்குழி என்போம். அப்பாவின் அக்காவை, அதாவது என் அத்தையைக் கட்டியிருந்த மாமா அங்கேதான் வேலைக்குப் போனார். ஒரு பெருமழைக்கு மறுநாள் குழியின் ஒரு பக்கம் அப்படியே சரிந்தது. மாமாவும் இன்னும் இரண்டு பேரும் அடியில் போய்விட்டார்கள். அனுமதித்த ஆழத்தைத் தாண்டி எப்போதோ தோண்டிவிட்டார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்துதான் வேலைக்கும் போனார்கள்.

உடம்பை எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. பார்க்கிற நிலையில் இல்லை, வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் சுடுகாட்டுக்கே கொண்டுபோய்விட்டார்கள். எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. வாசலில் கிடத்தி, சுற்றி உட்கார்ந்து, மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்து அனுப்புவதோடு அவர்கள் பங்கு முடிந்தது. அத்தைக்கு அந்தப் பங்கும் இல்லாமல் போயிற்று. அடுத்தவர் வீட்டு எழவில் அவள் வாயைத் திறந்தால் பந்தலில் சீட்டாடுகிறவர்கள்கூடச் சீட்டைக் கீழே வைத்துவிடுவார்கள். தன் வீட்டு எழவில் அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அத்தைக்குத் தொண்டை கட்டிக்கொண்டது என்று நான் நினைத்தேன்.

அப்பாவுக்கு மைக் செட் தொழில். எங்கள் ஊர்களில் எழவு விழுந்தால் சொந்தக்காரர்களுக்கு முன்னால் வந்து சேர்வது மைக் செட்தான். மரத்தின் உச்சியில் ரேடியோக் குழாய் கட்டி, பொணம் எடுக்கும்வரை பாட்டுப் போடுவார்கள். சுற்றியிருக்கிற நாலு ஊருக்கும் அதுதான் தகவல். சத்தம் வருகிறதென்றால் இன்னும் எடுக்கவில்லை, போகலாம். சத்தம் நின்றுவிட்டதென்றால் எல்லாம் முடிந்தது, இனிப் போய்ப் பயனில்லை. சாவுக்கு அமைதியாக இருக்க வேண்டும் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் விநோதமாகப் பார்ப்பார்கள். அநாதையாகச் செத்தவனுக்குத்தான் எங்கள் ஊரில் அமைதி.

கருமாதி முடிந்த கையோடு, மூன்று வீட்டுப் பெண்களும் கல்லுக்குழிக்கு லாரி போகிற தடத்தில் போய் உட்கார்ந்தார்கள். குழியை மூட வேண்டும், அவ்வளவுதான் கேட்டார்கள். ஊர் அவர்கள் பின்னால் உட்கார்ந்தது. சாமியானா வந்தது. அப்பா அங்கேயும் ஒரு வேம்பில் குழாய் கட்டினார். நாமக்கல்லிலிருந்து வந்த சங்கத்துக்காரர் ஒருவர் பென் டிரைவில் போராட்டப் பாட்டுகள் கொடுத்தார். இரண்டாம் நாள் அவரே மைக்கை அத்தையிடம் நீட்டி, நீங்களும் நாலு வார்த்தை பேசுங்கம்மா என்றார். அத்தை மைக்கை வாங்கினாள். பேசவில்லை. ஒப்பாரியை இழுத்தாள்:

“கல்லொடைக்கப் போனீங்களே, என்னக் கட்டுன ராசா,
காலெடுத்து வெக்க நம்ம வாசலுக்கு வரலியே.
குழிய ஆழந் தோண்டுனவன் கோயில் கும்புட்டுத் திரியறானே,
குழியில போன சாமிக்கு ஒரு மொகங்கூட இல்லியே.”

அப்பா அதைச் செல்போனில் பதிவு செய்து வைத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து குழாயில் முதலில் வருவது அத்தையின் குரல்தான். அதைக் கேட்டு நாலு ஊர்ச் சனமும் முறை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தது. லாரி ஒன்றுகூட உள்ளே போக முடியவில்லை. சங்கத்துக்காரர் என்னிடம், “இதுதான் பாப்பா அசல் போராட்டப் பாட்டு” என்றார். அத்தை இப்படிப் பேர் வாங்கியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வடக்கே எங்கேயோ பாலம் உடைந்து ஒரு ரயில் ஆற்றுக்குள் போயிற்று. டீக்கடை டிவியில் அதையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். மூன்று நாள் தேசிய துக்கம் என்று அறிவித்தார்கள். பள்ளிக்கூடத்தில் எங்களை வெயிலில் நிற்க வைத்து இரண்டு நிமிடம் மௌனம் காக்கச் சொன்னார்கள். நான் இமைக்காமல் நின்றேன். பக்கத்தில் நின்ற பிள்ளைக்குச் சிரிப்பு வந்து, அதை அடக்கி, விக்கலாகிவிட்டது. நாடு துக்கத்தில் இருக்கும்போது ஆட்டம் பாட்டம், போராட்டம், கோஷம் எதுவும் கூடாது என்று தலைமையாசிரியை சொன்னார். பிறகு பள்ளிக்கூடம் விடுமுறை என்றார். நாங்கள் கத்திக்கொண்டு ஓடினோம். தேசிய துக்கத்தில் நாங்கள் முதலில் செய்த காரியம் அதுதான்.

சாமியானாவுக்குப் போனால் அங்கே அதே பேச்சு நடந்துகொண்டிருந்தது.

“நாடே எழவுல கெடக்கறப்ப நாம கோசம் போட்டா நல்லாவாங்க இருக்கும்?” என்று ஒருவர் கேட்டார்.

“கோசம் வேண்டாமுங்க. பென் டிரைவுப் பாட்டும் வேண்டாம். அக்கா பாட்டு மட்டும் போடலாம், அது எழவுப் பாட்டுத்தானுங்க” என்றார் அப்பா.

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. கொடிகளைச் சுருட்டி ஓரமாக வைத்தார்கள். அத்தை ரயிலில் போனவர்களுக்கும் சேர்த்து அழுதாள். “ரயிலேறிப் போன மக்கா, ஊட்ல ஒலை வெச்சுக் காத்திருந்தாங்களே” என்று அவள் இழுத்தபோது சாமியானாவில் எல்லாப் பெண்களும் அழுதார்கள். முகம் தெரியாத அந்தச் சனங்களுக்கு எங்கள் ஊர் செய்யக்கூடிய பெரிய மரியாதை அதுதான். ஒருவருக்கும் கேட்காமல் போய்விடக் கூடாதென்று அப்பா மரத்தில் ஏறி, குழாயைப் பெரிய சாலைப் பக்கம் திருப்பி வைத்தார். அவ்வளவு வெள்ளந்தியான மனிதர் அவர்.

பெரிய சாலையில் போன யாரோ புகார் சொல்லியிருக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் சாமியானாவுக்குள் வந்தார்.

“துக்க நாள்ல போராட்டப் பாட்டு போடறது தப்புங்க. மேலேருந்து சத்தம் போடறாங்க” என்றார்.

“போராட்டப் பாட்டு இல்லீங்க சார். ஒப்பாரிங்க. செத்தவங்களுக்குத்தான் பாடறமுங்க” என்றார் அப்பா.

இன்ஸ்பெக்டர் யோசித்தார். “ஒப்பாரின்னா நான் என்னத்தச் சொல்ல” என்று திரும்பியவர் கண்ணில், முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நான் பட்டேன். பள்ளிக்கூடச் சீருடையில் இருந்தேன். பிள்ளைகள் பொய் சொல்லாது என்று நினைத்தாரோ என்னவோ.

“பாப்பா, நீ சொல்லு. இது என்ன பாட்டு?”

நான் எழுந்து நின்றேன். கேள்வி கேட்டால் எழுந்து நின்றுதானே பதில் சொல்ல வேண்டும்?

“எங்க அத்தை பாட்டு சார். அசல் போராட்டப் பாட்டு.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். வாயாடி ஆயிற்றே. குழியை ஆழம் தோண்டினவன் என்று வருவது கிரஷர் முதலாளியைத்தான் என்று விளக்கமும் சொன்னேன். இன்ஸ்பெக்டர் அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்க்கவில்லை. போய் மரத்தில் ஏறிக் குழாயைக் கழற்றினார். ஆம்ப்ளிஃபயரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். துக்கம் முடிந்ததும் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

குழாய் நின்றதும் நாலு ஊரும் வழக்கம்போல அர்த்தம் பண்ணிக்கொண்டது. சத்தம் இல்லை, ஆகவே எல்லாம் முடிந்துவிட்டது, பேசி முடித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். ஆளனுப்பிச் சொல்லியும் பாதிப் பேர் நம்பவில்லை. மறுநாள் முப்பது பேர் இருந்தார்கள். அதற்கடுத்த நாள் பத்துப் பேர். நாலாம் நாள் காலையில் அத்தையும் மற்ற இரண்டு வீட்டுப் பெண்களும் மட்டும் உட்கார்ந்திருந்தபோது போலீஸ் துணையோடு லாரிகள் வந்தன. மூன்று பெண்களைத் தூக்கி ஓரமாக உட்கார வைக்க அதிக நேரம் ஆகவில்லை. மத்தியானம் குழியில் வெடி வைத்த சத்தம் எங்கள் பள்ளிக்கூடம்வரை கேட்டது. இரண்டு வருடம் கழித்து அந்தக் குழி இன்னொரு ஆளையும் வாங்கிக்கொண்டது.

நாட்டில் பெரிய சாவு விழும்போதெல்லாம் டிவியில் நாலு பேர் உட்கார்ந்து, இந்த நேரத்தில் எதிர்ப்புப் பாட்டு பாடலாமா கூடாதா என்று வாதாடுகிறார்கள். நான் டிவியை நிறுத்திவிடுவேன். அழுகிறவள் யாரைச் சொல்லி அழ வேண்டும் என்று அடுத்தவர் தீர்மானிக்கிற இடத்தில் எனக்குப் பேச ஒன்றுமில்லை. ஒருமுறை பேசியதே போதும்.

லாரி போன அன்று சாயங்காலம் அத்தை வீட்டுக்குப் போனேன். விளக்குப் போடாமல், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மாமா செத்த அன்று உட்கார்ந்திருந்த மாதிரியே. என்மேல் கோபமாக இருப்பாள் என்று பயந்துகொண்டே பக்கத்தில் போனேன். அவள் என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள்.

“அத்தே, அந்தப் பாட்டைப் பாடுங்கத்தே.”

“பாட்டாவா சாமி பாடுனேன்?” என்றாள்.

எனக்கு அது விளங்கவில்லை. அவளுக்கு இன்னும் போலீஸ் பயம் போலிருக்கிறது என்று நினைத்தேன். தைரியம் சொல்ல வேண்டியது என் பொறுப்பு என்று பட்டது. அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து என் பக்கம் திருப்பினேன்.

“பயப்படாதீங்கத்தே” என்றேன். “துக்கம் நேத்தோட முடிஞ்சு போச்சு. டீச்சரே சொன்னாங்க.”