வியாகுல மாதாவுக்கு நான் பூசிய வர்ணம்

தொண்ணூறுகளின் கடைசியில், அரியலூர்ப் பக்கம் ஓர் ஊரில் நான் ஓவிய ஆசிரியராக இருந்தேன். கோவிலின் பக்கப் பீடத்தில் இருந்த வியாகுல மாதா சுரூபத்துக்குப் புதுசாக வர்ணம் அடிக்கும் வேலையைப் பங்குச் சாமியார் என்னிடம் கொடுத்தார். இறந்த மகனை மடியில் கிடத்தி உட்கார்ந்திருக்கும் தாய். முழுக்க மரம். எந்தக் காலத்திலோ ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தது என்பார்கள். மகனின் விலா எலும்புகளை எண்ணிவிடலாம். தாயின் முக்காடு, காகிதத்தைக் கசக்கிப் பிரித்ததுபோலக் கூர்கூராக மடிந்து கிடக்கும். யார் யாரோ அடித்திருந்த எனாமல் பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

"கொடியேத்தத்துக்கு அஞ்சு நாள்தான் இருக்கு சார். பளிச்சுன்னு பண்ணிக் குடுத்துடுங்க" என்றார் சாமியார்.

உப்புத்தாளால் தேய்த்தேன். முகத்தில் பூச்சு ஏற்கெனவே மெலிந்திருந்தது. அது போனதும் அடியிலிருந்த பழைய வர்ணம் முழுசாக வெளியே வந்தது. வீங்கிச் சிவந்த இமைகள். கன்னத்தில் கண்ணீர்த் துளிகள், ஒவ்வொன்றிலும் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி. என்னைவிடப் பெரிய கைக்காரன் ஒருவன் பொறுமையாக உட்கார்ந்து செய்த வேலை அது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சாமியாரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். காட்டினால் வேலை நின்றுபோகும், திருநாளுக்கு முடியாது. மரம் தெரியும்வரை தேய்த்துவிட்டேன். அதன்மேல் காலண்டர்களில் வருகிற மாதிரி ரோஸ் நிறத்தில் ஓர் அழகான முகத்தை எழுதினேன். திருநாளில் எல்லாரும் பாராட்டினார்கள்.

ஒருத்தி மட்டும் பாராட்டவில்லை. சுண்ணாம்புக்கல் குவாரியில் மண் சரிந்து மகனைப் பறிகொடுத்தவள். வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தப் பீடத்துக்கு வருகிறவள். திருநாளுக்குப் பிறகு வருவதை நிறுத்திவிட்டாள். மனசு கேட்காமல் வீட்டுக்கே போனேன். முறத்தில் மல்லி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"உடம்பு சரியில்லையாம்மா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். தப்பா நெனைச்சுக்காதீங்க. முன்னாடி அந்தம்மா அழுது ஓஞ்ச மாதிரி இருப்பாங்க. எனக்கு அவங்ககிட்டப் பேச வரும். இப்ப கல்யாண வூட்டுக்குக் கெளம்புன மாதிரி இருக்காங்க. அவங்ககிட்டப் போயி என்னத்தச் சொல்றது?"

அன்று மாலையே சாமியாரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "தெரிஞ்சேவா தேச்சீங்க?" என்று கேட்டார். "ஆமாங்க சாமி" என்றேன். அவர் திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. "உங்களால ஆனதச் செய்யுங்க" என்று மட்டும் சொன்னார்.

பழைய முகத்தை நினைவிலிருந்து எழுத முயன்றேன். வரவில்லை. கடைசியில் அவளிடமே போய், எனக்கு எதிரில் உட்கார முடியுமா என்று கேட்டேன். சரி என்றாள். மூன்று மத்தியானம் கோவிலுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் அழவில்லை. அழுது முடித்த கண்கள் எப்படி இருக்கும் என்பதை அப்போதுதான் கவனித்துப் பார்த்தேன்; அவள் முகத்தையே மாதாவுக்கு எழுதினேன்.

விஷயம் வெளியே தெரிந்ததும் பங்குப் பேரவைக் கூட்டத்தில் ஊர்ப் பெரியவர்கள் கூச்சல் போட்டார்கள். "மாதாவுக்கு இவ மூஞ்சியா?" என்று மேசையைத் தட்டினார்கள். அந்த முகத்தை அழித்துவிடச் சொன்னார்கள். "இன்னொரு தடவ அந்த மொகத்த அழிக்க என்னால முடியாதுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சாமியார் யார் பக்கமும் பேசவில்லை. வேறு ஆளையும் கூப்பிடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வந்தாள். நான் தூணோரம் நின்றிருந்தேன். சுரூபத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"நான் இப்படியா சார் இருக்கேன்?" என்று கேட்டாள்.

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். சில மாதங்களில் குன்னம் பக்கம் மகள் வீட்டோடு போய்விட்டாள். அவளுக்கு நான் செய்தது ஆறுதலா, இன்னொரு கொடுமையா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவேயில்லை.