ஒரு பக்கம் வெயில், ஒரு பக்கம் துண்டு

ஆம்பூரில் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஏற்கெனவே உப்பு. அதோடு விஷ ஜுரத்தில் படுத்து எழுந்ததும் என் தலைமுடி தேங்காய் நாராகிப் போனது. “அதுல சீப்ப வெச்சா சீப்புதாண்டி உடையும்” என்று தெருவில் சிரித்தார்கள். சிரிக்கிறவர்களுக்கு என்ன! ஜுரத்துக்குப் பிறகு என்னைப் பெண் பார்க்க வந்த இடங்களெல்லாம், பெண்ணுக்கு உடம்பில் இன்னும் நோவு இருக்கிறது என்று என் தலையைப் பார்த்தே முடிவுகட்டிப் போய்விட்டன. அடுத்து குடியாத்தத்திலிருந்து ஒரு தறிக்காரக் குடும்பம் வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தது. இதுவும் தவறினால் அப்புறம் யாரும் படியேற மாட்டார்கள் என்று அம்மா அடுப்போடு பேசிக்கொண்டிருந்தாள்.

அந்த மாப்பிள்ளைப் பையனின் அம்மா ஏற்கெனவே சூடுபட்டவள். முன்பு ஒரு வீட்டில் நீளப் பின்னலைப் பார்த்து மயங்கி, நிச்சயத்துக்கு முதல்நாள்தான் அதில் பாதி சவுரி, ஒட்டுமுடி என்று கண்டுபிடித்தாளாம். அதிலிருந்து எந்தப் பெண்ணையும் பின்னலை அவிழ்த்துத் தடவிப் பார்க்காமல் பேச்சை எடுப்பதில்லை என்று கேள்வி.

என் தலையைச் சரிசெய்யும் பொறுப்பை அண்ணி எடுத்துக்கொண்டாள். அண்ணன் மனைவி, வீட்டுக்கு வந்து வருஷம்கூட ஆகவில்லை. எனக்கு அப்போதே மனசுக்குள் ஒன்று உறுத்தியது. அவள் முழுகாமல் இருந்தாள். நான் கல்யாணமாகிப் போய்விட்டால் பாலாற்று ஊற்றிலிருந்து நல்ல தண்ணீர் யார் சுமப்பது? என் முடி நன்றாக வருவதில் இவளுக்கு என்ன லாபம்? அதனால் அவள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வரும்போதெல்லாம் முதலில் மோந்து பார்த்தேன்.

“இன்னா பாப்பா, நாய்க்குட்டி மாதிரி மோக்குற?”

“புங்கெண்ணெய் வாசனை வருதே அண்ணி.”

அண்ணனுக்குத் தோல் பதனிடுகிற டேனரியில் வேலை. தோலுக்குத் தடவுகிற எண்ணெய் அவன் சட்டையிலிருந்து வீடு முழுக்க மணக்கும். கிண்ணத்தில் இருந்தது நல்லெண்ணெய்தான். ஆனாலும் சும்மா விட முடியுமா?

எனக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். எண்ணெயை நேராக அடுப்பில் காய்ச்சித் தலையில் தேய்த்துக்கொண்டு, வெயிலில் உட்காருவது. அண்ணி அதைக் கையோடு தள்ளிவிட்டாள். “நேரா நெருப்புல வெச்சா எண்ணெய் பொகையும், கருகின வாசனை வரும். வெந்நீர்ல கிண்ணத்த வெச்சா போதும். காஞ்ச தோல்ல எண்ணெய் ஏறாதுன்னு உங்க அண்ணன் தெனம் சொல்றாரு. மொதல்ல ஈரம், அப்புறம் எண்ணெய், அப்புறம் சூடு.”

“என் தலை இன்னா ஆட்டுத் தோலா?”

“ஆட்டுத் தோலா இருந்தா இந்நேரம் பளபளன்னு கப்பல் ஏறியிருக்கும்.”

சூடு என்றால் எந்தச் சூடு என்பதில் சண்டை. அம்மா சாம்பிராணிப் புகை என்றாள். கூடையைக் கவிழ்த்து அதன்மேல் முடியை விரித்துப் பார்த்தோம். வாசனை ஊரைத் தூக்கியது, முடி மட்டும் முன்பைவிட மொரமொரத்தது. பக்கத்து வீட்டுப் பாயம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, “அரே பேட்டி, மகளே, பொகை வேணாம், ஆவி வேணும். துண்ட வெந்நீர்ல முக்கிப் புழிஞ்சு தலையில கட்டு. ஆறிப்போனா வேற துண்டு. சூடு ஜாஸ்தி வேணாம், கை தாங்குற சூடு போதும், பஸ்!” என்றாள்.

அண்ணிக்கு அது பிடித்துப்போயிற்று. ஒருபடி மேலே போய், துண்டை இட்லிப் பானையிலேயே வைத்து ஆவி காட்டினாள். அம்மா போட்ட சத்தம் ரயிலடி வரைக்கும் கேட்டிருக்கும். “வாயில வெக்கிற பண்டம் வேகுற எடத்துல தலைத்துண்டா! நாளைக்கு இட்லியில முடி இருந்துச்சு, உன்னத்தான் கேப்பேன்!”

முதல் துண்டு கட்டியதும் நெற்றியோரம் சுரீர் என்றது. அதான் பார்த்தேன், என்று நினைத்துக்கொண்டேன். வேக வைத்து வழுக்கையாக்கத் திட்டம்.

“அண்ணி, எனக்கு இது வேணாம். வெயிலே போதும்.”

அவள் இடுப்பில் கைவைத்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “சந்தேகமா? சரி, நடுவகிடு எடு. இந்தப் பக்கம் உன் வெயிலு, அந்தப் பக்கம் என் துண்டு. எது ஜெயிக்குதுன்னு பார்ப்போம்.”

இடது பக்கம் என்னுடையது, வலது பக்கம் அவளுடையது. இடது பக்கத்தை வெயிலில் காட்டிக்கொண்டு, வலது பக்கத்தில் துண்டோடு ஒருசாய்த்து உட்கார்ந்திருப்பேன். பாயம்மா தினம் எட்டிப் பார்த்து, “பாதி மஹாராணி, பாதி பக்கிரி” என்று சொல்லிவிட்டுப் போவாள். வலது பக்கம் மெல்ல மெல்ல மிருதுவாகி வழிந்து இறங்கத் தொடங்கியது. இடது பக்கத்தில் எண்ணெய் மேலாக நின்று தூசியைத்தான் சேர்த்தது. எனக்குத் தெரிந்தது, ஆனால் ஒத்துக்கொள்ள மனசில்லை. வலது பக்கக் கிண்ணத்தில் ரகசியமாக வேறு ஏதாவது கலக்கிறாளோ என்று அதையும் மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து, சொன்ன நாளுக்கு முன்பே வாசலில் ஜட்கா வந்து நின்றது. குடியாத்தத்து அம்மாள் இறங்கினாள். “சொன்ன நாள்ல வந்தா சோடிச்சு வெப்பீங்க. அதான் இன்னிக்கே வந்துட்டேன்” என்றாள், சிரிக்காமல்.

அம்மா அவசரமாக எனக்குத் தலை பின்னி உட்காரவைத்தாள். அந்த அம்மாள் பின்னலை அவிழ்த்தாள். நூல் பார்த்துப் பழகிய விரல். வலது பக்கத்தைத் தடவினாள். இடது பக்கத்தைத் தடவினாள். மறுபடி வலது. முகம் இறுகியது.

“ஒரே பாவுல ரெண்டு நூல் ஓடுதே. எது பொண்ணோடது, எது கடையில வாங்குனது?”

முடியில்லாதவள் என்று போனால்கூட ஆறிவிடும். ஏமாற்றுக்காரி என்று பேர் வந்தால் அது ரயில் ஏறி எல்லா ஊருக்கும் போகும்.

அண்ணிதான் முன்னால் வந்தாள். “இழுத்துப் பாருங்க அத்தை. தலை வரும், முடி வராது.”

அந்த அம்மாள் கூச்சப்படாமல் இரண்டு பக்கமும் இழுத்தாள். கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர, முடி வரவில்லை. அண்ணி வெயிலையும் துண்டையும் ஆட்டுத் தோலையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அம்மாள் நம்பவில்லை. “என் கண்ணு முன்னால இந்தப் பக்கத்துக்கும் செய்யி” என்று இட்லிப் பானைக்கு எதிரே மணையைப் போட்டு உட்கார்ந்தாள். காபியைக்கூடத் தொடவில்லை.

ஈரம், எண்ணெய், துண்டு. ஆறியதும் வேறு துண்டு. கட்டும்போது அண்ணி என் காதில் மட்டும், “அப்பவே ரெண்டு பக்கமும் எனக்கே குடுத்திருந்தா இவங்க இந்நேரம் பேசி முடிச்சுட்டுக் கெளம்பியிருப்பாங்க” என்றாள். முடிச்சை வேண்டுமென்றே ஓர் இறுக்கு அதிகமாக இறுக்கினாள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அலசி உலர்ந்த பிறகு அந்த அம்மாள் இரண்டு பக்கத்திலும் ஒரு புரி எடுத்து விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தாள். இடது பக்கம் முழுசாக இறங்கிவிடவில்லை, ஆனால் வலது பக்கத்தின் சாயல் வந்திருந்தது.

“நூல் ஒண்ணுதான்,” என்றாள் கடைசியில். “பக்குவந்தான் வேற.” பிறகுதான் காபி கேட்டாள்.

அவள் எனக்கு மாமியாரானாள். குடியாத்தம் போன முதல் வெள்ளிக்கிழமை, தானே எண்ணெய் வைப்பதாகச் சொல்லி என்னை முன்னால் உட்காரவைத்தாள். சிக்கெடுக்கிற சாக்கில் இடது பக்கத்தை வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்தாள். அவளுடைய எண்ணெய்க் கிண்ணத்தை நானும் ஏற்கெனவே மோந்து பார்த்திருந்தேன்.