செவ்வாய், வியாழன், ஏழரை மணி

ஜோஸ்பின் மூன்று ஜப்பானிய மொழி வகுப்புகளையும் ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதினாள். விக்ரோலியில் வண்டிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் பதினான்கு வருடமாகத் தரப் பரிசோதனைதான் அவள் வேலை. எதையும் அளந்துதான் நம்புவாள்.

செம்பூர் வகுப்பு ஞாயிறு காலை. பாதி ஞாயிறு ஓவர்டைம், மீதி ஞாயிறு பூசை. அடித்துவிட்டாள். கைப்பேசி வகுப்பு இரவு ஒன்பதரைக்கு. தாராவி வீடு ஒரே அறை. இலவச வகுப்பு ஒன்றைப் போர்வைக்குள் சோதித்துப் பார்த்ததில் அம்மா எழுந்து நெற்றியில் கைவைத்தாள். "ஏட்டி, காய்ச்சல்ல பெனாத்துதியா?" அதையும் அடித்துவிட்டாள். மாட்டுங்கா வகுப்பு செவ்வாய், வியாழன், ஏழரை முதல் ஒன்பது. வீட்டிலிருந்து நடக்கிற தூரம். எல்லாம் பொருந்தியது. ஏழரை மட்டும் பொருந்தவில்லை.

பிப்ரவரியில் அவள் அப்பா அமிர்தநாதன் ஆஸ்பத்திரியில் இறந்தபோது மணி மாலை ஏழரை. ஒரு வருடம் முடியும்வரை தினமும் அதே நேரத்தில் ஜெபமாலை சொல்வதாக அம்மா சேசம்மாள் நேர்ந்துகொண்டாள். ஜெபமாலைக்கு இரண்டு பேர் வேண்டும். மாலையின் ஒவ்வொரு மணிக்கும் ஒருவர் முந்தின பாதியைச் சொல்ல, மற்றவர் பிந்தின பாதியைச் சொல்வார். பத்துப் பத்தாக ஐந்து பத்து. நாற்பது வருடமாக முந்தின பாதி அப்பாவுடையது, பிந்தின பாதி அம்மாவுடையது. அப்பா போன பிறகு முந்தின பாதி ஜோஸ்பினிடம் வந்தது.

"ஒங்கப்பா ஃபாஸ்ட் லோக்கல்" என்பாள் சேசம்மாள். "நீ எல்லா ஸ்டேஷன்லயும் நிக்கே."

தொழிற்சாலையில் ஜப்பானுக்கு நான்கு பேரை ஒரு வருடம் அனுப்பப்போகிறார்கள். டிசம்பரில் முதல்நிலைத் தேர்வு எழுதித் தேறியிருக்க வேண்டும். வயது வரம்பு முப்பத்தெட்டு. ஜோஸ்பினுக்கு முப்பத்தேழு.

"அக்கா, இந்த பேட்ச் விட்டா பாத் கதம், அவ்வளவுதான்" என்றான் இயந்திரப் பிரிவு ரெனால்ட். "அப்புறம் நாங்க அங்க இருந்து போட்டோ அனுப்புவோம், நீங்க லைக் போடுவீங்க."

வியாழக்கிழமை மாட்டுங்கா மாதிரி வகுப்புக்குப் போனாள். அன்று ஓவர்டைம் என்று அம்மாவிடம் பொய் சொன்னாள். அன்றுதான் முதல்முறையாக ஜெபமாலை நேரம் தவறியது. ஆசிரியை நுஸ்ரத் மாஹிம்காரி. பகலில் ஏதோ கம்பெனியில் மொழிபெயர்ப்பாளர். வந்தவர்களை ஜப்பானிய எண்களில் விரல் நீட்டி எண்ணினாள். இச்சி, நி, சன், யோன், கோ, ரோக்கு. ஏழாவதாக ஜோஸ்பினைக் காட்டி, "நானா" என்றாள்.

ஜோஸ்பின் பாதி எழுந்துவிட்டாள். "நானா? ஐயோ, நான் இன்னும் பேரே குடுக்கல மேடம்."

மராத்திக்காரர்களும் குஜராத்திக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். நுஸ்ரத் மட்டும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நீங்க தமிழா? நானும்தான். நானான்னா ஏழு. உக்காருங்க. ஒங்களுக்கு இது ஈஸி, வினைச்சொல் நம்ம மாதிரியே கடைசிலதான் வரும்." பிறகு சொன்னாள்: "ஏழாவது சீட்ட வச்சிருக்கேன். செவ்வாய்க்கிழமை வந்தா ஒங்களுது. வரலன்னா வேற ஆளு."

வெள்ளிக்கிழமை அம்மாவிடம் உண்மையைச் சொன்னாள். சேசம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"ஏழரைக்கு கிளாஸுக்குப் போறியா, ஜப்பானுக்குப் போறியா?"

"கிளாஸுக்குத்தாம்மா. வாரம் ரெண்டு நாள். அன்னைக்கு மட்டும் ஆறரைக்கே சொல்லிருவோம்."

"ஒங்கப்பா ஆறரைக்கா கண்ண மூடுனாரு?"

"அப்ப நீயே சொல்லேன்."

"முந்தின பாதி எனக்கு வாயில வராது. ஒரு நாளும் சொன்னதில்ல."

ஜோஸ்பின் இதற்கும் ஒரு வழி கண்டுபிடிக்கப் பார்த்தாள். முதலில் அப்பாவின் குரலைத் தேடினாள். வாட்ஸ்அப்பில் மூன்று குரல்செய்திகள் இருந்தன. மூன்றிலும், வேலை முடிந்து வரும்போது பாவ் ரொட்டி வாங்கி வரச் சொல்லியிருந்தார். மூன்றையும் இரண்டு முறை கேட்டாள். பிறகு தன் குரலிலேயே முந்தின பாதியைப் பதிவு செய்தாள். அம்மாவின் பிந்தின பாதிக்குச் சராசரி எட்டு நொடி. முன்பின் ஆனால் இருக்கட்டும் என்று இரண்டு நொடி டாலரன்ஸ் கொடுத்து, ஒவ்வொரு பாதிக்கும் இடையே பத்து நொடி மௌனம் விட்டாள்.

ஞாயிறு ஏழரைக்குக் கைப்பேசியை மாதா படத்தின் முன்னால் சாய்த்துவைத்தாள். முதல் பத்து சரியாகப் போனது. இரண்டாம் பத்தில் சேசம்மாளுக்கு இருமல் வந்தது. இருமி முடிப்பதற்குள் கைப்பேசி அடுத்த மணிக்குப் போய்விட்டது. அவள் விட்டதைப் பிடிக்க ஓடினாள். குரல் அவளுக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தது.

"நிறுத்துட்டி. எனக்காக நிக்க மாட்டேங்கு."

திங்கள் ஏழரைக்கு ஜோஸ்பின் வழக்கம்போல முந்தின பாதியைச் சொன்னாள்.

செவ்வாய் மாலை ஏழு மணிக்கு ஜோஸ்பின் பையில் நோட்டை வைத்தாள். ஒரு செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் குரல் கேட்டது. சேசம்மாள் மாதா படத்தின் முன் உட்கார்ந்து முந்தின பாதியைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு சொல் தடுக்கவில்லை. அப்பாவின் வேகம், அப்பா மூச்சு விடுகிற அதே இடம். பாதி முடிந்ததும் நிறுத்தினாள். திரும்பிப் பார்க்கவில்லை. காத்திருந்தாள்.

"அம்மா, மணி ஏழுதான் ஆகுது."

முந்தின பாதி சொல்லப்பட்டுவிட்டது. அந்த வீட்டில் பிறந்தவளால் அதை அப்படியே விட்டுவிட்டுத் தெருவில் இறங்க முடியாது. ஜோஸ்பின் ஒரு காலில் செருப்போடு வாசலில் நின்று பிந்தின பாதியைச் சொன்னாள். அடுத்த மணி. அதற்கடுத்த மணி. பத்து முடிந்து அம்மா மூச்சு வாங்கிய இடைவெளியில் மறு செருப்பையும் மாட்டினாள்.

"மிச்சத்த வந்து சொல்லுவோம்மா."

"மாதா காத்துக் கெடப்பாளா?"

"கெடப்பா."

கிட்டத்தட்ட ஓடினாள். ஏழாவது நாற்காலி காலியாக இருந்தது. நுஸ்ரத் அவள் பெயரை ஜப்பானிய எழுத்தில் பலகையில் எழுதிக் காட்டினாள். ஜோஸ்பின் அதைப் பார்த்து எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். ஒரு கோடு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதைத் தவிர இருபது நிமிடம் அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. பிப்ரவரிக்குப் பிறகு அப்பா நினைவில்லாமல் போன முதல் இருபது நிமிடம். அது உறைத்ததும் பென்சில் நின்றுவிட்டது.

வகுப்பு முடியும்போது பணத்தைக் கட்டி ரசீதில் கையெழுத்துப் போட்டாள்.

ஒன்பதே காலுக்கு வீடு திரும்பினாள். கதவு திறந்திருந்தது. சோறு வடித்து மூடியிருந்தது, யாரும் சாப்பிடவில்லை. சேசம்மாள் அதே இடத்தில், சுவரில் சாயாமல், உட்கார்ந்திருந்தாள். விரல் இரண்டாம் பத்தின் முதல் மணியில் இருந்தது.

"வியாழக்கிழமையும் போவேம்மா."

"போ. நான் எங்க போகப்போறேன்?"

சொல்லிவிட்டு அவள் முந்தின பாதியைத் தொடங்கினாள். முடித்து நிறுத்தினாள். ஜோஸ்பின் பையைத் தோளிலிருந்து இறக்காமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பிந்தின பாதியைச் சொன்னாள். இன்னும் முப்பத்தொன்பது மணிகள் இருந்தன.