யோசப்பின் கண்ணீரை ஒறுத்த கதை

குருநகரில் அழுகைக்கு ஒரு போட்டி வைத்தால் முதற்பரிசு யோசப்பினுக்குத்தான். செத்தவீட்டில் அழுவார், அது சரி. கலியாண வீட்டில் அழுவார், அதையும் விடுவோம். அயல்வீட்டுப் பூனை மதிலால் விழுந்ததற்கும் அழுத மனுசியை என்ன செய்வது?

மூத்தவன் கொலின்ஸ் பிரான்சுக்குப் புறப்பட்ட நாளில் அவனை ஏற்ற வந்த வான் வண்டியின் முன்சில்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தெருவிலேயே படுத்துவிட்டார். இழுத்தெடுப்பதற்குள் விமானம் பறந்துவிட்டது. ஒரு கிழமை கழித்து அவன் தாய்க்குச் சொல்லாமலே போனான். பிறகு மூன்று மாதம் யோசப்பின் சோறு தண்ணியில்லாமல் கிடந்தார்.

இப்போது மகள் லவீனாவுக்கு இங்கிலாந்தில் தாதி வேலை.

"அம்மா, இந்தமுறை விழ முதலே ஒருக்கால் கவுன்சிலிங்குக்குப் போங்கோ. இல்லாட்டி நான் போகமாட்டன்."

"எனக்கென்ன விசரே?"

"விசர் வந்தாப் பிறகே போறது? சின்னனிலை எனக்குத் தடுப்பூசி போடுவிச்சனீங்கள்தானே, உதுவும் அப்பிடித்தான்."

மகளின் பயணம் தன்னால் குழம்பிவிடுமோ என்ற பயம் யோசப்பினுக்கும் இருந்தது. போனார்.

ஆஸ்பத்திரியில் உளவளத்துணையாளர் சுபாஜினி, இருபத்தெட்டு வயதுப் பிள்ளை, "மனசிலை உள்ளதைச் சொல்லுங்கோ அம்மா, வெளியிலை போகாது" என்றார். அப்படியொரு உறுதி கிடைக்கிற இடம் யோசப்பினுக்கு ஒன்றுதான் தெரியும், கோயிலில் சுவாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் கூண்டு. உடனே சேலைத் தலைப்பால் தலையை மூடி, முழங்காலில் நின்று, பாவசங்கீர்த்தனத்தைத் தொடங்கிவிட்டார். சுபாஜினி சைவப் பிள்ளை. என்ன செய்வதென்று தெரியாமல் எழும்பி நின்றார். சொன்ன பாவங்களில் யோசப்பினுடையது ஒன்றுகூட இல்லை. புருசன் அடைக்கலநாதன் ஒளித்துக் குடித்தது, மச்சாள் றொசாந்தி மீன் கேட்க வந்து நண்டையும் தூக்கிக்கொண்டு போனது என்று முக்கால் மணித்தியாலமாக ஊர்ப்பாவம் எல்லாம் இறங்கியது.

"உங்களைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே அம்மா?"

"என்ரை பிள்ளை போகப்போகுது மிஸ்." அவ்வளவுதான் வந்தது. பிறகு ஒரே அழுகை. சுபாஜினி தடுக்கவில்லை, கண் துடைக்கக் கடதாசி நீட்டினார்.

எழும்பும்போது யோசப்பின் கேட்டார். "பரிகாரம் என்ன மிஸ்?"

"அப்பிடி ஒண்டும் இல்லை அம்மா. அடுத்த புதன் வாங்கோ."

பரிகாரம் இல்லாத சங்கீர்த்தனம் எங்கேயாவது உண்டா? சின்னப் பிள்ளை, மறந்துபோச்சு என்று இரங்கி, யோசப்பின் தானே ஒன்றை விதித்துக்கொண்டார். தவக்காலத்தில் இறைச்சியை ஒறுக்கிறோமல்லவா, அதுபோல லவீனா விமானத்தில் ஏறி உட்காரும்வரை கண்ணீரை ஒறுப்பது. ஒருவருக்கும் மூச்சு விடவில்லை.

பயணநாள் விடிய ஐந்து மணிக்கே அயலட்டைச் சனம் முழுக்க வாசலில். வானின் முன்சில்லுப் பக்கம் நல்ல இடம் பிடிக்கத் தள்ளுப்பட்டார்கள். அடைக்கலநாதன் அழுதார். றொசாந்தி அழுதாள். வான் சாரதிகூட மூக்கைச் சிந்தினான். யோசப்பின் மட்டும் வாயை இறுக்கிப் பூட்டிக்கொண்டு நின்றார். திறந்தால் அழுகைதான் வரும் என்று அவருக்குத் தெரியும்.

லவீனாவின் முகம் வாடிவிட்டது. "ஒரு சொட்டும் வரேல்லையே அம்மா? அண்ணைக்கு எண்டால் றோட்டிலை படுத்தனீங்கள். நான் போனால் ஒண்டுமில்லையோ?"

யோசப்பின் மகளைப் பிடித்து வானுக்குள் தள்ளிக் கதவை அடித்துச் சாத்தினார். கல்நெஞ்சுக்காரி என்று முணுமுணுத்தபடி சனம் கலைந்தது.

பின்னேரம் நாலு மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"அம்மா, ஏறிட்டன்." லவீனாவின் குரலில் கோபம் போகவில்லை.

"சீற்றிலை இருந்திட்டியோ?"

"ஓம்."

"பெல்ட் போட்டிட்டியோ?"

"ஓம் அம்மா, கதவும் பூட்டியாச்சு. ஏன் கேக்கிறியள்?"

அதற்குமேல் யோசப்பினுக்கு ஏலவில்லை. "என்ரை குஞ்சே!" என்று எழும்பிய ஓலத்தில் அடைக்கலநாதன் கட்டிலால் விழுந்தார்.

"மெல்ல அம்மா! பக்கத்திலை இருக்கிறவர் திரும்பிப் பாக்கிறார்." பிறகு லவீனாவின் மூக்கும் அடைத்தது. "பரவாயில்லை. பிளேன் எழும்புமட்டும் அழுங்கோ, நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்."