ஈக்கு மாப்பிள்ளை தேடினோம்

மலைமேல் கவுஞ்சியில் என் கணவரின் அக்காவுக்குப் பூண்டுத் தோட்டம் இருக்கிறது. நான் அவரை மதினி என்று கூப்பிடுவேன். மலைக்குக் கீழே ஒரு கல்லூரியில் நான் விலங்கியல் நடத்துவதால், மாடு தீனி எடுக்காவிட்டாலும் எனக்குத்தான் போன் செய்வார். மாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்.

ஒரு விடுமுறைக்குப் போயிருந்தபோது வேலியில் படர்ந்திருந்த காட்டுக்கொடியைக் காட்டினார்.

“பாரு தாயி, இலையெல்லாம் அம்மை போட்டுக் கெடக்கு. பூண்டுக்கும் ஒட்டிக்கிருமா?”

இலைகளின் அடிப்பக்கத்தில் மிளகு அளவுக்குக் கொப்புளங்கள். ஒன்றை நகத்தால் கீறினேன். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் ஒரு புழு, தூக்கம் கலைந்த ஆளைப் போல மெதுவாக நெளிந்தது. நெல் போடுகிறவர்களுக்கு ஆனைக்கொம்பன் ஈயைத் தெரியும். பார்க்கக் கொசு மாதிரி, அதைவிடப் பொடியாக இருக்கும். அதற்குப் பங்காளி முறையில் ஏதோ ஒன்று என்ற அளவில் எனக்குப் புரிந்தது. பூண்டுக்கு ஒன்றும் ஆகாது என்று தைரியம் சொல்லிவிட்டு, ஒரு பை நிறைய இலை பறித்துக்கொண்டு ஒட்டன்சத்திரம் திரும்பினேன்.

எங்கள் வீடு அங்கேதான். கணவர் காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறார். இலை வாடினால் சரக்கு போச்சு என்று வாழ்கிற மனிதர். சமையலறை அலமாரியில் நான் வாடிய இலைகளை டப்பா டப்பாவாகப் போட்டு, வாயில் மெல்லிய துணி கட்டி அடுக்கியதைப் பார்த்துவிட்டு, இதில் சாம்பார்ப் பொடி எது என்று மட்டும் கேட்டார்.

சில வாரம் கழித்து ஒரு காலையில் துணிக்கு அடியில் ஈக்கள் உட்கார்ந்திருந்தன. எள்ளில் பாதிகூடத் தேறாது. நூல் போன்ற கால்கள், புகை நிறத்தில் இறக்கை. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். அத்தனையும் பெண்.

இந்த வகை ஈக்களையே ஆராய்கிற பேராசிரியர் ஒருவருக்குப் படங்களை அனுப்பினேன். யாரும் இதுவரை விவரித்து எழுதாத இனம் போலத்தான் தெரிகிறது, ஆனால் ஆணைப் பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது என்று பதில் போட்டார். மதினிக்குப் போன் செய்தேன்.

“இன்னுங் கொஞ்சம் இலை வேணுங்க மதினி. எல்லாம் பொம்பளையாவே வந்திருக்கு. ஒரு ஆம்பளையாச்சும் வேணும்.”

“ஆம்பளைன்னு எத வச்சுக் கண்டுபிடிப்ப?”

“வால் நுனியப் பாக்கணுங்க.”

“வால் நுனின்னா?”

கொஞ்சம் யோசித்தேன். “அதுதாங்க மதினி.”

எதிர்முனையில் சிரிக்கத் தொடங்கியவர் அடங்க நேரமாயிற்று. “இதுக்கா தாயி அம்புட்டுப் படிப்புப் படிச்ச?” என்றார்.

அன்றிலிருந்து கேரட் ஏற்றிவரும் லாரியில் ஒரு அட்டைப்பெட்டி இலையும் வரும். டிரைவர் அதைக் கடையில் இறக்கிவைப்பார். முந்தைய பெட்டியின் நிலவரத்தைக் கணவர் அங்கிருந்தே அக்காவுக்குச் சொல்வார். “இல்லக்கா, இந்தத் தடவையும் மாப்பிள்ளை அமையல.” டிரைவர் இதை மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மதினியின் மகள் திண்டுக்கல்லில் வேலை பார்ப்பதும் அவருக்குத் தெரியும். கல்யாணம் என்ற வார்த்தை காதில் விழுந்தாலே போனை வைத்துவிடுகிற பெண் அவள் என்பது தெரியாது.

ஒருநாள் கணவர் என்னைப் போனில் கூப்பிட்டார். “வெரசாக் கடைக்கு வா. பொண்ணு கேட்டு வந்திருக்காங்க.”

“எந்தப் பொண்ண?”

“டப்பாவுல இருக்கே, அதத்தான்.”

போனேன். ஆடலூர்க்காரர் ஒருவர், தேய்த்த வெள்ளைச் சட்டையில், மடியில் மஞ்சள் தடவிய மகன் ஜாதகமும் பக்கத்தில் மலைவாழைப்பழச் சீப்புமாக உட்கார்ந்திருந்தார். காப்பித் தோட்டக்காரர். பாவம், இந்த வீட்டில் மாப்பிள்ளை அமையாமல் தவிக்கிறார்கள் என்று டிரைவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். நான் எல்லாவற்றையும் விளக்கினேன்.

“ஈக்கா பாத்தீங்க?”

“ஆமாங்க.”

“இத்தன மாசமாவா?”

“ஆமாங்க.”

பழத்தை மட்டும் எங்கள் பக்கம் நகர்த்தினார். ஜாதகத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். வந்த ஆளைச் சும்மா அனுப்பும் பழக்கம் வியாபாரிக்குக் கிடையாது. என் கணவர் பெட்டியிலிருந்து ஒரு இலையை எடுத்து, “இந்தக் கொடி உங்க பக்கம் உண்டுங்களா?” என்றார்.

“இதா? எங்க ஓடைக்கரை பூராம் இதுதானே கெடக்கு. என்ன சோலிக்கு ஆகும்னு வெட்டி எறிஞ்சுக்கிட்டிருக்கோம்.”

அடுத்த வாரம் ஒரு சாக்கு நிறைய அனுப்பிவைத்தார். அதில் ஒரு டப்பாவிலிருந்து வெளிவந்தவை அத்தனையும் ஆண். இந்த ஈக் குடும்பத்தில் சில தாய்கள் பெண்களை மட்டும் பெறும், சில ஆண்களை மட்டும் பெறும். மதினியின் வேலிக்கு முதல் வகை வாய்த்திருக்கும் போல. வாயில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு வந்து கணவர் லென்ஸில் பார்த்தார். ஆணின் உணர்கொம்புகள் மணி கோத்தது போல இருக்கும்.

“மாலையும் கழுத்துமாத்தான் வந்திருக்காரு,” என்றார்.

மரபணுச் சோதனையிலும் கவுஞ்சிப் பெண்ணும் ஆடலூர் ஆணும் ஒரே இனம் என்று வந்தது. ஆடலூர்க்காரருக்குப் போன் செய்து நன்றி சொன்னேன். “நல்லதுங்க. எம்மவனுக்குத்தான் இன்னும் அமையல,” என்றார்.

கட்டுரை எழுதி முடித்ததும் பெயர் வைக்கிற வேலை. மதினியின் பெயரை வைக்கலாம் என்று எனக்கு ஆசை. கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“பூச்சிக்கு எம்பேரையா? நாளைக்கு எவனாச்சும் மருந்தடிக்கும்போது எம்பேரச் சொல்லியில்ல அடிப்பான். எம் மாமியா காதுல விழுந்தா அவுகளே வந்து அடிப்பாக.”

என் கணவர் தன் பெயர் சும்மாதான் இருக்கிறது என்று இரண்டு மூன்று முறை நினைவூட்டினார். நான் இரண்டு ஊரும் இருக்கிற மலையின் பெயரையே வைத்துவிட்டேன்.

கட்டுரை அச்சில் வந்ததைச் சொல்ல நேரிலேயே கவுஞ்சிக்குப் போனேன். மதினி களத்தில் பூண்டு காயவைத்துக்கொண்டிருந்தார். உலகத்துக்கே புதிய ஒரு உயிர் என்று நான் தொடங்கியபோது அவர் வானத்தைப் பார்த்தார். மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. தார்ப்பாயின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, “அந்தப் பக்கம் இழு தாயி, நனைஞ்சிரப் போகுது,” என்றார்.