பதினொன்று என்று எழுதிய டீச்சர்

1. படிவம்

சுகாதாரத் துறையில் எனக்குக் கடைசி ஏழு வருடம் பள்ளிக்கூடங்களில் போதைத் தடுப்பு வேலை. குன்னம் பக்கத்துப் பள்ளிகளுக்குப் போய்ப் பேசுவேன், ஊர்வலம் விடுவேன், உறுதிமொழி எடுக்க வைப்பேன். பிறகு ஒவ்வொரு பள்ளியும் ஒரு படிவம் நிரப்பி அனுப்பும். ‘பழக்கம் உள்ள மாணவர் எண்ணிக்கை’ என்று அதில் ஒரு கட்டம் உண்டு. எல்லாப் பள்ளியும் ‘இல்லை’ என்றே எழுதும். நானும் அடுக்கிக் கட்டி மேலே அனுப்பிவிடுவேன்.

ஒரு வருடம் ஒரு படிவத்தில் மட்டும் ‘11’ என்று இருந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். நான் போன் போடுவதற்குள் அந்தப் பள்ளி ஹெச்.எம்.மே கூப்பிட்டுவிட்டார்.

“சார், நான் பாக்காம கையெழுத்துப் போட்டுட்டேன் சார். ஜெசிந்தா டீச்சர் பண்ண வேல. ஒம்பதாவதுக்குக் கணக்கு எடுக்கறாங்க. வந்தே ரெண்டு வருசம்தான் ஆவுது.”

அந்தப் பதினோரு பிள்ளைகளைப் பற்றித்தான் நான் முதலில் நினைத்திருக்க வேண்டும். நினைக்கவில்லை. இத்தனை வருடம் தொண்டை வறளப் பேசியும் ஒரு பிள்ளைகூட என்னிடம் வந்து “சார், நான் போடறேன்” என்று சொன்னதில்லை. நேற்று வந்த கணக்கு டீச்சரிடம் பதினோரு பேர் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது. வேறு நாசூக்கான வார்த்தை தேடி எழுதினால் அது பொய்.

2. வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்

என் பேச்சுக்கு அப்போது நல்ல பெயர். கெட்டுப்போன நுரையீரல் படத்தைத் திரையில் போட்டால் முன்வரிசைப் பெண்கள் முகத்தை மூடிக்கொள்வார்கள். முடித்ததும் கைதட்டல் காதைப் பிளக்கும். ஹெச்.எம்.கள் சால்வை போடுவார்கள். அரியலூர் பக்கத்துப் பள்ளிகளிலிருந்துகூட என்னைக் கேட்டு ஆள் வரும்.

ஜெசிந்தா டீச்சர் வரதராஜன்பேட்டைப் பக்கத்துக்காரர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அப்படி என்னதான் செய்கிறார் என்று பார்க்க ஒரு வெள்ளிக்கிழமை கடைசி பீரியடுக்குப் போனேன். அவர் வகுப்பில் படமும் இல்லை, பேச்சும் இல்லை. பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக நிற்க வைத்தார். ஒருவர் போதைப் பொருளை நீட்டுவதாக நடிக்க வேண்டும், மற்றவர் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவ வேண்டும். அவ்வளவுதான். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பையன் புகையிலைப் பொட்டலத்துக்குப் பதிலாகச் சாக்பீஸை நீட்டினான்.

“பருத்தி எடுக்க வந்தா இது இல்லாம முடியாதுடா. ஒண்ணே ஒண்ணு ஒதட்டுல வெச்சுப் பாரு. இடுப்பு வலியே தெரியாது.”

“வாயெல்லாம் புண்ணுடா. சோறே எறங்கல.”

“நேத்து பரோட்டா தின்ன?”

“அதுலதாண்டா புண்ணு வந்துச்சு!”

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரித்துக்கொண்டே, “மாட்டிக்கிட்ட. வேற சொல்லு” என்றார். அவன் யோசித்து வேறு சொன்னான். அதையும் மற்றவன் மடக்கினான். மூன்றாவதாக ஒன்று சொன்னான், அது நின்றது. நான் ஒருவன் அங்கே இருப்பதையே எல்லோரும் மறந்துவிட்டார்கள். என் கூட்டத்தில் அப்படி ஒருநாளும் நடந்ததில்லை.

பொறுக்க முடியாமல் எழுந்து, “போன வருசம் நான் பேசினது யாருக்கு ஞாபகம் இருக்கு?” என்று கேட்டேன். ஒரு பெண் எழுந்து நான் சொன்ன போதைப் பொருள்களின் பெயர்களை வரிசை மாறாமல் ஒப்பித்தாள்.

“பாத்தீங்களா டீச்சர்?” என்றேன்.

“அதுல ரெண்டு பொருளோட பேரு எங்களுக்கு முன்னாடி தெரியாதுங்க சார். நீங்க சொல்லித்தான் தெரியும்” என்றாள் அந்தப் பெண். கிண்டலே இல்லை, பாராட்டாகத்தான் சொன்னாள். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று.

வெளியே வந்ததும் டீச்சரிடம் கேட்டேன். “பொய் சொல்லக் கத்துக் குடுக்கறீங்களா?”

“வேணாம்னு சொல்லணும்னு அவங்களுக்குத் தெரியும் சார். கூட்டாளி முன்னாடி எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல.”

“அந்தப் பதினோரு பேரும் உங்ககிட்ட எப்படிச் சொன்னாங்க?”

“நான் கேக்கல சார். பேர வெளிய சொல்ல மாட்டேன், ஆஸ்பத்திரியிலேருந்து பேசறதுக்கு ஒரு ஆள வரவெக்கறேன்னு சொன்னேன். ஒவ்வொருத்தரா வந்தாங்க.”

3. பெயர் கேட்டேன்

அந்தக் கட்டத்தில் எண் இருந்தால்தான் பெரம்பலூர் அரசு மருத்துவமனையிலிருந்து ஆலோசகரை வாரம் ஒருநாள் அந்தப் பள்ளிக்கு அனுப்புவார்கள். என் கையெழுத்து இருந்தால் போதும்.

நான் டீச்சரிடம் அந்தப் பதினோரு பேரின் பெயர்ப் பட்டியல் கேட்டேன். அப்படி ஒரு விதியே கிடையாது. அவர் தர மாட்டார் என்று தெரிந்தேதான் கேட்டேன். ஹெச்.எம்.மிடம், “பேரு இல்லாம நம்பர் மட்டும் எப்படிப் போடறது? பள்ளிக்கூடத்துப் பேருதான் கெடும்” என்றேன். மனிதர் அதற்காகவே காத்திருந்ததுபோல் அன்று மாலையே திருத்திய படிவத்தை அனுப்பிவிட்டார். கட்டத்தில் ‘இல்லை’.

இரண்டு நாள் கழித்து ஜெசிந்தா டீச்சர் பஸ் ஏறி என் ஆபீசுக்கே வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“சார், ஆள் வரும்னு அந்தப் பிள்ளைங்ககிட்ட வாக்குக் குடுத்துட்டேன். ஒரு தடவையாவது அனுப்புங்க சார்.”

“பேரக் குடுங்க, அனுப்பறேன்.”

“குடுத்தா அவங்க என்னைய நம்ப மாட்டாங்க சார்.”

“அப்ப என்கையில ஒண்ணும் இல்லீங்க டீச்சர்.”

எல்லாம் என் கையில்தான் இருந்தது. அவர் போனதும் டீ வரவழைத்துக் குடித்தேன். நன்றாக இருந்தது.

எல்லாப் பள்ளியும் ‘இல்லை’ என்று எழுதியதால் அந்த வருடம் எங்கள் வட்டாரத்துக்குக் கேடயம் கொடுத்தார்கள். மேடை ஏறி நான்தான் வாங்கினேன்.

4. அடுத்த வருடம்

மறு வருடம் படிவம் வாங்க நேரிலேயே போனேன். ஸ்டாஃப் ரூமில் ஜெசிந்தா டீச்சர் மட்டும் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். போன வருடத்துப் பிள்ளைகள் இப்போது பத்தாம் வகுப்பு, அதற்கும் அவரே வகுப்பாசிரியர். படிவத்தை எடுத்து நீட்டினார். கட்டத்தில் அவர் கையெழுத்திலேயே ‘இல்லை’ என்று இருந்தது.

எனக்கு நிம்மதி. “பதினோரு பேரும் விட்டுட்டாங்களா?” என்று கேட்டேன்.

“தெரியல சார். ஆள் வரும், ஆள் வரும்னு ரெண்டு மாசம் கேட்டாங்க. அப்பறம் கேக்கறத விட்டுட்டாங்க. இப்ப எங்கிட்டயும் யாரும் சொல்றதில்ல.”

குரலில் கோபம் இல்லை. அடுத்த விடைத்தாளை எடுத்துக்கொண்டார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இதுதான். ‘இல்லை’ என்று வருகிற படிவத்தைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். அந்தப் பள்ளியில் பிள்ளைகள் மனம்விட்டுப் பேச யார் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். ஒருவர் இருந்தால் அவர் கேட்டதைச் செய்து கொடுத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். அவர் உங்களைவிடக் கெட்டிக்காரராக இருப்பார். வயிறு எரியும். எரியட்டும்.

நான் ஒதுங்கி நிற்கவில்லை. என்னிடம் சொல்லாத பிள்ளைகள் அவரிடம் மட்டும் எப்படிச் சொல்லலாம் என்று எரிந்தேன். இப்போது அவரிடமும் சொல்வதில்லை. நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது.